அரசு ரேட் கொடுத்தால் என் யூனிட்டை மூட வேண்டியதுதானா?

கேள்வி: அவிநாசி பக்கம் ஒரு கிராமத்தில் செக்கிங், அயர்ன், பேக்கிங் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறோம். பதினான்கு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். ஷிப்டுக்கு 350 ரூபாய், சனிக்கிழமை சம்பளம். போன வாரம் செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா, “ஏனுங்க அம்மணி, கவர்மெண்ட் ரேட்டுன்னு ஒண்ணு இருக்குதாமா, அது எவ்வளவுங்க?” என்று கேட்டார். நாங்கள் கொடுப்பதைவிட அது அதிகம் என்று எனக்குத் தெரியும். பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர், “இந்தக் கூலிக்கு அவங்களே ஒத்துக்கிட்டுத்தான் வர்றாங்க. சட்டப்படி கொடுத்தா யூனிட்டை மூட வேண்டியதுதான், அப்புறம் இந்தக் கூலியும் இருக்காது” என்கிறார். கம்பெனி எங்களுக்கு ஒரு டி-ஷர்ட் செக் செய்ய 2 ரூபாய் தருகிறது, மூன்று வருடமாக அதே ரேட். இப்போது அவர்களுடைய பையர் (அவர்களிடம் ஆடை வாங்கும் நிறுவனம்) ‘வாழ்வூதியம்’ பற்றி ஒரு படிவம் அனுப்பி, அதை நாங்களும் நிரப்ப வேண்டுமாம். எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுக்கும் இந்தக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உண்டா? வீட்டுக்காரர் சொல்வது சரியா?
— வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோவையில் முப்பது வருடமாகத் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன். முதலாளிகளுக்காகவும் வாதாடியிருக்கிறேன், தொழிலாளர்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன். குறைந்தபட்சக் கூலி விஷயமாக வரும் முதலாளிகள் பெரும்பாலும் கையில் நோட்டீஸோடுதான் வருவார்கள். நீங்கள் ஒரு அக்கா கேட்ட கேள்வி மனதை உறுத்தி எழுதியிருக்கிறீர்கள். அந்த மரியாதைக்காகவே எதையும் மூடி மறைக்காமல் சொல்கிறேன்.

உங்கள் யூனிட்டுக்கும் சட்டம் உண்டு. 1948-ஆம் வருடத்துக் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி, அரசு பட்டியலில் உள்ள தொழிலாக இருந்தால் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும். பனியன் உற்பத்தியும் தையலும் தமிழ்நாட்டுப் பட்டியலில் இருந்தவைதான். 2019-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு பட்டியலையே எடுத்துவிட்டது. இனி எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. பத்துப் பேர், இருபது பேர் என்ற கணக்கெல்லாம் இஎஸ்ஐ-க்கும் பிஎஃப்-புக்கும் உள்ளது. அதைக் கூலிச் சட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு, “நாங்க சின்ன யூனிட்டுங்க” என்று நிம்மதியாக இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். (பதினான்கு பேர் என்றால் இஎஸ்ஐ உங்களுக்கு வரும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) பீஸ் ரேட்டில் கொடுத்தாலும் தப்பிக்க வழியில்லை. நாள் முழுக்க வேலை செய்தவருக்கு, குறித்த நாள் கூலிக்குக் கீழே போகக் கூடாது.

அடுத்து, “அவங்களே ஒத்துக்கிட்டாங்க.” இந்த வாதத்தை நானே இளவயதில் ஒரு முதலாளிக்காக எடுத்து வைத்திருக்கிறேன். தோற்றேன், தோற்றது சரிதான். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை செய்வதாக ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது என்று 1948 சட்டமே சொன்னது. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று தீர்ப்புச் சொன்னது. அடித்து மிரட்டி வேலை வாங்கினால்தான் கட்டாயமா? வேறு வழியில்லாத பசியும் கட்டாயம்தான் என்றது. உங்களிடம் வரும் பெண்கள் 350-க்கு ஒத்துக்கொண்டது, பக்கத்து யூனிட்டிலும் அதே 350 என்பதால்தான். ஊருக்குள் வேறு ரேட்டே இல்லாதபோது ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை ஷிப்ட். இடைவேளை போகப் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தால் ‘ஒன்றரை’ போட்டு 525 ரூபாய் கொடுப்பீர்கள், திருப்பூர் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேலே செய்யும் வேலைக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். மேற்கொண்டு பார்த்த நாலு மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் இல்லை, ஒரு ஷிப்ட் கூலி சேர வேண்டும். உங்கள் ரேட்டிலேயே பார்த்தாலும் அந்த நாளுக்கு 700. அந்த 175 ரூபாயைப் பற்றி இங்கே யாரும் பேசுவதே இல்லை. அது நம் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

சரி, உங்கள் வீட்டுக்காரர் பேச்சுக்கு வருகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

செக்கிங் மேசையில் ஒரு டி-ஷர்ட்டுக்கு என்ன வேலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும், தோள் மூட்டு, கை, பக்கத் தையல், அடிமடிப்பு, அப்புறம் உள்பக்கம். தொங்கும் நூலை டிரிம்மரால் வெட்ட வேண்டும், ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். டியூப் லைட்டுக்குக் கீழே நின்றபடியே நாள் முழுக்க இந்த வேலை. இதற்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். பண்டல் வரக் காத்திருப்பது, கணக்கு எழுதுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் போக 70 சதவீதம் கைவேலை என்றால் 336 நிமிடம், அதாவது 224 பீஸ். பீஸுக்கு 2 ரூபாய் என்றால் ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்புக்குக் கம்பெனியிடமிருந்து உங்களுக்கு வருவது 448 ரூபாய்.

இப்போது அரசு ரேட்டைக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 500 ரூபாயாக வைத்துக்கொள்வோம். (விலைவாசிக்காகத் தரும் பஞ்சப்படி ஏற ஏற இந்தத் தொகையும் மாறும். உங்கள் தொழிலுக்கும் வேலைப் பிரிவுக்கும் உள்ள அறிவிப்பைத் தொழிலாளர் துறையிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாதக் கூலியாகப் போட்டிருந்தால் 26-ஆல் வகுத்தால் நாள் கூலி.) 500-க்கு மேலே இஎஸ்ஐ பங்கு 3.25 சதவீதம், தீபாவளி போனஸுக்கு 8.33 சதவீதம் எடுத்து வைத்தால் ஏறக்குறைய 558 ரூபாய். உங்களுக்கு வருவதோ 448. வாடகை, கரண்ட், டெம்போ எதுவும் இன்னும் சேர்க்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் ‘மூட வேண்டியதுதான்’ என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் அதே கணக்கு வேறொன்றையும் காட்டுகிறது. 448-லிருந்து 350 போனால் மீதி 98 ரூபாய். அதில்தான் உங்கள் யூனிட் ஓடுகிறது. அந்த 98 ரூபாய், பெண்களுக்குச் சட்டப்படி சேர வேண்டிய கூலியிலிருந்து வந்தது. கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கம்பெனி கொடுக்கவில்லை, அதை அந்தப் பதினான்கு பேர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 558-ஐ 224-ஆல் வகுத்தால் பீஸுக்கு 2 ரூபாய் 49 பைசா வருகிறது. ஐம்பது பைசாதான் வித்தியாசம். வாடகையும் உங்கள் வருமானமும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு டி-ஷர்ட் விலையில் அது எத்தனை என்று பையரின் கடையில் தொங்கும் விலைச்சீட்டைப் பார்த்தால் தெரியும்.

‘கூலியைச் சட்டம் போட்டு ஏற்றினால் வேலை போய்விடும்’ என்பது இன்று நேற்று வந்த வாதம் இல்லை. பொருளாதாரப் பாடப் புத்தகங்களிலும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. 1992-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏற்றியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பேராசிரியர்கள் இரு பக்கத்திலும் துரித உணவுக் கடைகளில் ஆள் கணக்கு எடுத்துப் பார்த்தார்கள். கூலி ஏற்றிய பக்கம் வேலை குறையவில்லை என்று 1994-ல் எழுதினார்கள். மறுத்தவர்களும் உண்டு, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. நியூ ஜெர்சிக் கடையும் அவிநாசி யூனிட்டும் ஒன்றில்லைதான். ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது, ஏற்றியபோது மாநிலம் முழுக்க ஒரே நாளில் ஏறியது என்பது. நீங்கள் ஒருவர் மட்டும் 500 கொடுத்தால் கம்பெனி அடுத்த தெரு யூனிட்டுக்குப் பண்டலை அனுப்பிவிடும், உங்கள் வீட்டுக்காரர் பயந்தது நடந்துவிடும். எல்லா யூனிட்டும் ஏற்றினால் அனுப்ப அடுத்த தெரு இருக்காது. எல்லாருக்கும் ஒரே அடித்தளம் வேண்டும் என்றுதான் இதைச் சட்டமாகப் போட்டார்கள். போட்ட சட்டத்தை யூனிட் யூனிட்டாக வந்து பார்க்க ஆள் போதாது, அங்கேதான் அது தோற்கிறது. அதனால் நேர்மையாகக் கொடுக்க நினைக்கிறவர் நஷ்டப்படுகிறார். சட்டம் வேண்டாம் என்று கூட்டத்தில் பேசும் முதலாளிகளைவிட, சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தாததுதான் உங்களுக்கு எதிரி என்று நான் நினைக்கிறேன்.

‘ஆர்டர் பங்களாதேஷுக்குப் போயிடும்’ என்பார்கள். அங்கேயும் 2023 டிசம்பரில் ஆடைத் தொழிலாளர்களின் குறைந்தபட்ச மாதக் கூலியை 8,000 டாகாவிலிருந்து 12,500 டாகாவாக ஏற்றினார்கள். ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் ஏற்றுமதி செய்யும் சலுகை அவர்களுக்குப் பெரிய பலம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இங்கே ஆர்டர்கள் நின்றன. செக்கிங் அக்காவின் கூலி ஏறியதால் நின்ற ஆர்டரா அது?

நம் ஊரிலேயே நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1984-ல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைக்கும் ‘தொழிலே அழிந்துவிடும்’ என்று பேசினார்கள். தொழில் அழியவில்லை. திருப்பூர் ஏற்றுமதி நகரமாக வளர்ந்ததே அதற்குப் பிறகுதான். ஆனால் இன்னொன்றும் நடந்தது. சங்கமும் ஒப்பந்தமும் எட்டும் இடத்திலிருந்து வேலை துண்டு துண்டாகப் பிரிந்து வெளியே போனது. உங்கள் யூனிட்டே அப்படி வெளியே வந்த வேலையில்தான் பிறந்திருக்கிறது. கூலி உயர்வின் சுமையைப் பெரியவர்கள் சின்னவர்கள் தலையில் இறக்கிவிட்டார்கள். 2014-ல் தையல் தொழிலுக்கு அரசு கூலியை ஏற்றியபோது முதலாளிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2016-ல் நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொல்லும்வரை எத்தனையோ பெண்கள் பழைய கூலியிலேயே தைத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி அந்தப் படிவம். குறைந்தபட்சக் கூலியும் வாழ்வூதியமும் ஒன்றில்லை. 1948-ல் அமைத்த நியாய ஊதியக் குழு மூன்று படி வைத்தது: கீழே குறைந்தபட்சக் கூலி, நடுவே நியாயக் கூலி, மேலே, குடும்பம் கண்ணியமாக வாழப் போதுமான வாழ்வூதியம். வாழ்வூதியம் கிடைக்கப் பாடுபட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 43-ஆவது பிரிவு அரசுக்குச் சொல்கிறது. குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று 1957-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு முடிவு செய்தது. கணவன் 1, மனைவி 0.8, இரண்டு குழந்தைகள் 0.6 வீதம், மொத்தம் மூன்று அலகு. ஓர் அலகுக்கு 2,700 கலோரிச் சாப்பாடு, குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்குச் செலவு. 1991-ல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், நல்லது கெட்டது, முதுமை இவற்றுக்கு இன்னொரு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. இதெல்லாம் குறைந்தபட்சக் கூலிக்கே. வாழ்வூதியம் இதற்கும் மேலே. இந்தக் கணக்கில் வயதான மாமியார் எங்கேயும் இல்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். நம் பக்கத்தில் எந்த வீட்டில் வயதானவர் இல்லை?

மத்திய அரசு 2017-ல் அமைத்த அனூப் சத்பதி குழு, 2019-ல் தந்த அறிக்கையில், 2018 விலைவாசியில் நாடு முழுவதற்கும் அடித்தளக் கூலி நாளுக்கு 375 ரூபாயாவது இருக்க வேண்டும் என்றது. நீங்கள் இன்றைக்குக் கொடுப்பது 350. நூறு நாள் வேலைக்கே 2025-26-ல் தமிழ்நாட்டில் 336 ரூபாய் நிர்ணயித்திருந்தார்கள். எட்டு மணி நேரம் நின்று செய்யும் வேலைக்கு அதைவிட 14 ரூபாய்தான் கூட.

‘ரேஷன் அரிசி சும்மா, டவுன் பஸ் சும்மா, மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வேற வருது, இவங்களுக்கு என்ன குறை’ என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அதெல்லாம் அரசு அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பது. கம்பெனி கொடுக்க வேண்டிய கூலியில் கழித்துக்கொள்வதற்காகக் கொடுத்ததில்லை.

ஆகவே படிவத்தில் ‘வாழ்வூதியம் தருகிறோம்’ என்று டிக் போடாதீர்கள். கம்பெனி மேனேஜர் ‘சும்மா போட்டு அனுப்புங்க’ என்பார். போட்டால் அது நாளைக்கு உங்களுக்கு எதிரான ஆவணம். உண்மையான கூலியை எழுதுங்கள், பக்கத்திலேயே உங்களுக்குக் கிடைக்கும் பீஸ் ரேட்டையும், எந்த வருடத்திலிருந்து அதே ரேட் என்பதையும் எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் யாருக்கும் விஷயம் புரியும்.

இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரர்களைப் பாருங்கள். அவர்களும் உங்களைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான், மேலே ஜவுளி உற்பத்தியாளர், கீழே தறி ஓட்டுகிறவர். 2022-லும் 2025-லும் ஒன்றாகத் தறியை நிறுத்தினார்கள், கூலி உயர்வைப் பேசி வாங்கினார்கள். பேசியது முழுக்கக் கைக்கு வந்ததா என்பது வேறு சண்டை, ஆனால் பேச ஒரு மேசை இருந்தது. செக்கிங் யூனிட்டுகளுக்கு அப்படி ஒரு மேசையே இல்லை. சட்டம் கூலியைப் பேசுகிறது, கம்பெனி யூனிட்டுக்குத் தரும் பீஸ் ரேட்டைப் பேசவில்லை. அது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை. அதே கம்பெனிக்கு வேலை செய்யும் இன்னும் நாலைந்து யூனிட்டுக்காரர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். வீட்டுக்காரரைப் போய்ப் பேசச் சொல்லுங்கள். “நாங்க அதிகம் கேட்கலைங்க, கவர்மெண்ட் ரேட்டுக்கு இவ்வளவு நிமிஷம், இவ்வளவு பைசா வருதுங்க” என்று அரசு அறிவிப்பைக் காட்டிப் பேசினால், அது கெஞ்சுவதாக இருக்காது. கம்பெனியும் பையருக்குச் சட்டப்படி நடப்பதாக எழுதிக் கொடுத்திருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் தயங்கினால் இதையும் சொல்லுங்கள். புதிய சட்டப்படி மூன்று வருடம் வரை பின்னோக்கிக் கூலிப் பாக்கி கேட்கலாம். கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். குறைத்த தொகையைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் போடலாம். மேலே வைத்த 500 ரூபாய் கணக்கிலேயே, நாளுக்கு 150 வீதம் பதினான்கு பேருக்கு 26 நாளுக்கு மாதம் 54,600 ரூபாய். மூன்று வருடத்துக்கு 19,65,600 ரூபாய், இழப்பீடு சேர்க்காமல்.

முதலில் ஒரு நாள் கையில் போனை வைத்துக்கொண்டு ஐந்து பேருடைய வேலையை நேரம் பாருங்கள், வேகமாகச் செய்கிறவரை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்றரை நிமிடம் என்று நான் வைத்தது தவறாக இருந்தால் கணக்கு மாறும். ஒன்றரை ஷிப்ட் கணக்கை உடனே சரி செய்யுங்கள், அதற்குக் கம்பெனியைக் கேட்க வேண்டியதில்லை. முடியாவிட்டால் எட்டு மணி நேரம் முடிந்ததும் அனுப்பிவிடுங்கள். நாள் கூலியை ஒரே மூச்சில் ஏற்ற முடியாவிட்டால், எந்தத் தேதிக்குள் அரசு ரேட்டுக்கு வருவோம் என்று பெண்களிடம் சொல்லுங்கள். அதுவரை குறையும் தொகை ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதி வையுங்கள். பாக்கி எழுதி வைப்பதால் சட்டப் பொறுப்பு நீங்காது, அதை மனதில் வையுங்கள். சம்பளப் பதிவேட்டில் வாங்கிய தொகையை மட்டுமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாங்காத தொகைக்குக் கையெழுத்து வாங்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

அந்த அக்காவுக்கு இந்தச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது, அவர் கேட்ட தொகையைச் சொல்லிவிடுங்கள். நாம் கொடுப்பது அதைவிடக் குறைவு என்பதையும், கம்பெனியிடம் கேட்கப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அறிவிப்பின் தமிழ்ப் பிரதி ஒன்றை எடுத்து, சம்பள நோட்டு வைக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. மற்ற பதிமூன்று பேரும் தனித்தனியாக வந்து கேட்க வேண்டியிருக்காது.